கஞ்சா அணியில் ஒரே ஆள்

எங்கள் ஊர் வாசகசாலை ஆண்டுவிழாவுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். தலைப்பு, 'கஞ்சாச் செடியைச் சட்டப்படி வளர்க்க விடலாமா, கூடாதா?' கூடாது என்று பேச ஏழு பேர் பெயர் கொடுத்தார்கள். விடலாம் என்று பேச ஒருவரும் இல்லை. செயலாளர் நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"நீங்க தாவரவியல் டீச்சரில்லா? ஒரு செடிக்காகப் பேச ஆளில்லைன்னா எப்படி?"

ஓய்வு பெறும்வரை பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தியவள் நான். கஞ்சாவைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். இருந்தாலும் அவர் கேட்ட விதத்தில் அந்தச் செடி மேல் எனக்குப் பாவமாகிவிட்டது. சரி என்றேன்.

சர்ச் சபைக் கமிட்டியில் இருக்கும் என் கணவர்தான் பயந்தார். "ஏட்டி, பேசணும்னா பேசு. செயிச்சு மட்டும் வந்திராத."

இரண்டு வாரம் படித்தேன். போதை ஏறுகிற ரகம் வேறு, நாருக்காக வளர்க்கிற ரகம் வேறு, இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று மேடையில் ஆரம்பித்தேன். அதிலிருந்து செய்கிற துணி, கயிறு, சுவர் கட்டும் கல், வலிக்குத் தடவும் எண்ணெய் எல்லாம் சொன்னேன். வடக்கே ஒரு மலை மாநிலத்தில் உரிமம் கொடுத்து வளர்ப்பதைச் சொன்னேன். எதிரணித் தலைவரான ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் எழுந்து, "இன்னைக்கு நாருன்னு சொல்லுவாங்க. நாளைக்கு நம்ம பேரப்பிள்ளையளு அந்த நாருல நெய்த வேட்டிய அவுத்துப்போட்டுட்டுச் சந்தையில ஆடும்!" என்றார். பந்தல் அதிர்ந்தது.

"பேச்சில் செயித்தது டீச்சர். ஆனால் தீர்ப்பு எதிரணிக்கு. நான் வீடு போய்ச் சேரணும்லா?" என்றார் நடுவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர், வழி தவறிய ஒரு சகோதரிக்காக ஜெபித்தார். கண்ணை மூடியிருக்க வேண்டிய சபை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. யாருக்கோ கஷ்டம்போல என்று நானும் ஆமென் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை புறவாசல் வழியாகத் தலைமையாசிரியர் வந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டே நின்றார்.

"டீச்சரே, அந்த எண்ணெய் கொஞ்சம் உண்டுமா?"

"எந்த எண்ணெய் சார்?"

"வலிக்கு நல்லதுன்னு நீங்கதான சொன்னிய. நான் யாருட்டயும் சொல்லமாட்டேன்."

"சார், எங்கிட்ட ஒண்ணும் கிடையாது. நான் பேசத்தான் செய்தேன்."

"கையில இல்லாத சாமானுக்கு ஒரு மனுசி அரைமணி நேரம் பேசுவாளா?" என்று கோபித்துக்கொண்டு, வந்த வழியே போனார்.

இரண்டு நாள் கழித்து போலீஸ் வந்தது. பெயரில்லாத புகார். சென்னையிலிருந்து புதிதாக மாறி வந்திருந்த எஸ்.ஐ. கிணற்றடியில் வரிசையாக நின்ற செடிகளின் விரல் விரித்த இலைகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். செல்போனில் படம் எடுத்தார். கூட வந்த உள்ளூர்ப் பெண் போலீஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சார், அது மரச்சீனியாக்கும்," என்றேன்.

"அப்படின்னா?"

"மரவள்ளிக் கிழங்கு சார். திங்கிற கிழங்கு."

அவர் நம்பவில்லை. ஒரு செடியை மூட்டோடு பிடுங்கி, வேகவைத்து, மீன்கறியோடு வைத்தேன். முதல் வாயைச் சந்தேகத்தோடு தின்றார். இரண்டாம் முறை கறி கேட்டு வாங்கினார். கை கழுவும்போது, "மேடம், இவ்வளவு விவரம் தெரிஞ்சவங்க எங்களுக்குக் கிடைக்கிறதில்ல. போதை ஒழிப்புக் கூட்டத்துல நீங்கதான் பேசணும்," என்றார்.

பேசினேன். வளர்கிற மூளையை அந்தப் புகை என்ன செய்கிறது என்று, முன்பு பேசிய அதே உண்மையோடு பேசினேன். போதகர் சால்வை போர்த்தினார். தன் ஜெபத்தைக் கர்த்தர் கேட்டுவிட்டாரென்று மைக்கிலேயே அறிவித்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது என் கணவர் மெல்லக் கேட்டார். "ரெண்டு பக்கமும் பேசிட்ட. உனக்கு எதுதான் சரின்னு தோணுது?"

"நாருக்கு வளக்கட்டும். நோயாளி வலிக்கு மருந்தாக் குடுக்கட்டும். பிள்ளையள் கையில மட்டும் போகப்பிடாது."

"இதுல தப்பொண்ணும் இல்லியே. இத முதல்லயே மேடையில சொல்லியிருக்கலாமே?"

"இதுக்கு அணி இல்லைன்னு செயலாளர் சொல்லிட்டாரு," என்றேன்.