கிரேக்கக் கோயிலில் கழற்றிய சப்பாத்து

லண்டனில் சட்டன் பகுதியின் கவுன்சிலில் வேலை பார்த்த சற்குணநாதன், 1993 கோடையில் மனைவி பாலாம்பிகையோடு கிரேக்கத்துக்குச் சுற்றுலா போனார். சுற்றுலா பஸ்ஸில் மற்ற எல்லாரும் வெள்ளைக்காரர்.

குன்றின் மேல் கூரையில்லாத பழைய கோயில், தூண்கள்தான் மிச்சம். மற்றவர்கள் படமெடுத்துக்கொண்டிருக்க, பாலாம்பிகை சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு சுடுகல்லில் ஏறினாள். யாரோ சிரித்தார்கள். சற்குணநாதனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"குறை நினைக்காதீர்கள், என் மனைவி பட்டிக்காடு" என்று ஆங்கிலத்தில் சொல்லித் தானும் சேர்ந்து சிரித்தார். அவள் இறங்கி வந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டாள்.

லண்டனுக்குத் திரும்பி ஒரு கிழமையாகியும் அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒரு நாள் காலை, தேத்தண்ணீர் குடிக்கும்போது அவரே தொடங்கினார்.

"அண்டைக்கு நான் சொன்னது பிழைதான். உமக்கு விளங்கியிருக்காது எண்டு நினைச்சன்."

"பள்ளிக்கூடக் கன்ரீனில பத்து வருசமாய் வெள்ளைக்காரப் பிள்ளையளோடை நான் என்ன பாசையில கதைக்கிறன்?" என்றாள் அவள். "விளங்கும் எண்டு தெரிஞ்சுதான் சொன்னீங்கள்."

அது உண்மை. மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும் அவர் பொய் சொல்லியிருந்தார். அதை ஒப்புக்கொண்டு "ஓம்" என்ற ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு வெகுநேரம் எடுத்தது.