இலை மூடிய குட்டை

பங்குனி வெயில் தொடங்கியிருந்தது. ஜொகூர் பாருவில் காலை ரயில் ஏறி, குளுவாங் தாண்டிப் பாலோவில் இறங்கியபோது நண்பகல். மனைவிக்குப் பேறுகாலம் நெருங்கிவிட்டதால், ஐந்து வயது மகள் செல்லம்மாவை இரண்டு மாதம் ரப்பர் தோட்டத்தில் என் தங்கை மரகதத்திடம் விட்டுவரப் புறப்பட்டிருந்தேன். எனக்கு அரை மனசுதான்.

தோட்டம் ஐந்து மைல். மாட்டுவண்டிக்கு அறுபது காசு. ரப்பர் மரங்கள் மொட்டையாய் நின்றன.

"எல கொட்டுற காலம் ஐயா, பாப்பாவ பாத்து நடக்கச் சொல்லுங்க" என்றார் வண்டிக்காரர். பாம்பைச் சொல்கிறார் என்று நினைத்து, "சரி, சரி" என்றேன்.

மரகதம் வேலைக்காட்டிலிருந்து திரும்பவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். அந்த நேரத்துக்குள் செல்லம்மா ஒரு கோழியைத் துரத்திக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். அங்கே சருகு பரந்த சமதரை.

ஆயாவின் முகம் வெளுத்தது. "ஐயோ சாமி, அது தரையில்ல, குட்டை! காலையில வாரித்தான் விட்டேன், காத்து மறுபடி மூடிருச்சே!"

நான் கத்த வாயெடுத்தேன். என் கையைப் பிடித்து இழுத்தாள். "கத்தாதீங்க! தொரத்தி வெளாடுறீங்கன்னு இன்னும் ஓடும்."

அகப்பையை எடுத்துக் கஞ்சித் தகரத்தில் படபடவென்று தட்டினாள். கஞ்சிக்குக் கூப்பிடும் சத்தம் அது; தோட்டத்துப் பிள்ளைகள் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ஓடிவந்தார்கள். பாவி மகளே, உனக்கு இந்தச் சத்தம் தெரியாதே! செல்லம்மா கரையில் நின்று திரும்பினாள். எல்லாரும் ஓடுவதைப் பார்த்ததும் கோழியை விட்டுவிட்டு, "எனக்கும், எனக்கும்!" என்று ஓடிவந்தாள்.

அவளை அள்ளிக்கொண்டேன். ஆயா ஒரு கட்டையை வீச, சருகு விலகிக் கறுத்த தண்ணீர் தெரிந்தது.

"நமக்கு இடுப்பளவுதான் சாமி. புள்ளைக்கு..."

சாயங்காலம், பிள்ளையைத் திரும்பக் கூட்டிப்போகிறேன் என்றதும் மரகதம் அழுதாள். "ரெண்டு புள்ளைய இங்கதானே வளத்தேன்? இவள நான் பாத்துக்க மாட்டேனா அண்ணே?"

மறுநாள் செல்லம்மாவுடன் ரயிலேறினேன். வழியெல்லாம் தப்பித்தோம், பிழைத்தோம் என்றே மனம் சொல்லிக்கொண்டு வந்தது. ஜொகூர் பாருவில் இறங்கியதும் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. எங்கள் வீட்டுப் பின்வாசல் கடலைப் பார்த்துத்தான் திறக்கிறது. மனைவி பேறுக்குப் படுத்துவிட்டால், நான் வேலைக்குப் போய்விட்டால், அந்த வாசலை யார் பார்ப்பது?

"கை வலிக்குதுப்பா, விடுங்க" என்றாள் செல்லம்மா.