ஊர் மீன் தின்னாத குளிர்காலம்

குல்லுஸார் சில்டிர் ஏரிக்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் குளிர்காலத்திலேயே, அவள் புருஷன் முர்செல் அவள் கையில் கடப்பாரையைக் கொடுத்துவிட்டான். ஏரி உறைந்ததும் பனியில் வரிசையாகக் குழி போட்டு அடியில் வலை விடுவதுதான் அந்த ஊர்ப் பிழைப்பு. ஒரு குழியில் அவன் வலையை இறக்குவான், அடுத்த குழியில் அவள் கயிற்றை இழுப்பாள்.

"ஏன்டி, கயித்த இழுக்கிறியா, தொட்டில் ஆட்டுறியா?" என்று கத்துவான்.

"ஆட்ட ஒரு புள்ள இருந்தா நான் ஏன் இந்தக் குளிர்ல உன்கூட நிக்கிறேன்?" என்பாள். இரண்டு பேருமே சிரித்துவிடுவார்கள்.

இந்த ஜனவரியோடு அந்தச் சிரிப்பும் போயிற்று. தூரத்து வலையைப் பார்க்கப் போன முர்செலை, குதிரையோடும் சறுக்குவண்டியோடும் மெல்லிய பனி விழுங்கிவிட்டது. குதிரை மறுநாள் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

ஏரிக்குள் ஒருவன் கிடக்கும்வரை அந்த ஊரில் யாரும் மீனைத் தொடமாட்டார்கள். அவனைக் கொத்திய மீனாக இருந்துவிட்டால்? எல்லோரும் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு அவனைத்தான் தேடினார்கள். பிப்ரவரி முடிவதற்குள் வீடுகளில் மாவு தீர்ந்தது. ஒருவரும் குல்லுஸாரிடம் வாய் திறக்கவில்லை. அதுதான் அவளை அரித்தது.

கடைசியில் கொழுந்தன் பஹத்தின் வந்து நின்றான். "அண்ணி, புள்ளைங்க வெறும் டீயக் குடிச்சிட்டுப் படுக்குதுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊரு வலையப் போடும்..."

"உங்க அண்ணன் அடியில கிடக்காரு தம்பி. அவர எடுத்து மண்ணுல வைக்காம நான் என்னத்தச் சொல்ல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

முர்செல் விட்டுப்போன வலைகளை அவள் மட்டும் தினமும் தூக்கிப் பார்த்தாள். அந்த ஏரிக்கு வெட்கமே கிடையாது. அவன் இருந்தவரை கஞ்சத்தனம் காட்டியது, இப்போது வலை கொள்ளாமல் கெண்டையாகக் கொடுத்தது. கயிறு கனக்கும்போதெல்லாம் அவன்தானோ என்று அவசரமாக இழுப்பாள். வந்தது மீன்தான். அழுதுகொண்டே அத்தனையையும் தண்ணீரில் விட்டாள்.

மார்ச்சில் கரையோரப் பனி இளகத் தொடங்கியது. ஒரு மாலை திரும்பி வருகையில் பஹத்தின் வீட்டு வாசலில், அவன் மனைவி ரொட்டிக்கு மாட்டுத் தவிட்டைப் பிசைந்துகொண்டிருந்தாள். குல்லுஸாரைக் கண்டதும் பாத்திரத்தைத் துணியால் மூடினாள்.

மறுநாள் குல்லுஸார் ஒரு கெண்டையைத் திருப்பி விடவில்லை. வீட்டுக்கு எடுத்துவந்து, கதவை அகலத் திறந்துவைத்து, தெருவெல்லாம் மணக்கப் பொரித்தாள். எல்லோரும் பார்க்க வாசலில் உட்கார்ந்து தின்றாள். முதல் துண்டைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

பஹத்தின் ஓடிவந்தான். "அண்ணி! அண்ணன் கிடைச்சிட்டாரா?"

"இல்ல. போய் வலையப் போடுங்க."

மறுநாள் காலை ஏரி முழுக்கக் கடப்பாரைச் சத்தம். அத்தனை பேரும் மீனுக்குத்தான் குழி போட்டார்கள். முர்செலைத் தேட அன்று ஒருவரும் இல்லை. அவளும் போகவில்லை.