பருப்புக் கறியில் விட்ட தோணி

நான் முதன்முதலாகச் சிறையில் போட்டது 'அழகிய' என்ற சொல்லை. அடுத்த கிழமை 'இனிய'. பிறகு 'நீல', பிறகு 'துள்ளி'. சிறை என்பது ஒரு வெறும் பிஸ்கற் ரின். சொல்லைத் துண்டுத் தாளில் எழுதி உள்ளே போட்டு மூடிவிட்டால் அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் அதை எழுதக் கூடாது. எழுதினால் முன்னால் வந்து காகம் மாதிரிக் கரைய வேண்டும். ஆசிரியருக்கும் அதே சட்டம்தான். நான் இரண்டு முறை கரைந்திருக்கிறேன்.

சாம்பல்தீவில் ஒரு சின்னப் பாடசாலை. நான் பட்டம் முடித்துவிட்டு நியமனம் வரும், வரும் என்று இருந்த காலம். சும்மா இருக்க எனக்கு ஏலாது. கதிரையில் கொஞ்ச நேரம் இருந்தாலே கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். அதனால் அதிபரிடம் போய், வியாழக்கிழமைகளில் நாலாம் வகுப்புக்குக் கவிதை எழுதப் பழக்குகிறேன் என்று கேட்டேன்.

"எழுதட்டும் பிள்ளை, நல்ல விசயம்" என்றார் அதிபர். "சத்தம் மட்டும் வெளிய வரக் கூடாது."

முதல் நாளே சத்தம் வெளியே போய்விட்டது.

அன்றைக்குக் கடலைப் பற்றி எழுதச் சொன்னேன். அந்த வகுப்பறையில் இருந்தால் அலைச் சத்தம் காதில் விழும். பாதிப் பிள்ளைகளின் அப்பாமார் விடியற்காலையில் கடலுக்குப் போகிறவர்கள். அத்தனை பேரும் ஒரே கவிதையை எழுதினார்கள். 'அழகிய நீலக் கடலே, துள்ளி வரும் அலையே.' எழுத்துப் பிழை மட்டும்தான் ஆளுக்கு ஆள் வேறு.

பின்வரிசை வாங்கில் ஒரு பெடியன் இருந்தான். மெதுவாகப் பேசத் தெரியாது, எதைச் சொன்னாலும் கடற்கரையில் நின்று தோணிக்காரரைக் கூப்பிடுகிற குரல்தான். அவனுக்கு நான் மனதுக்குள் வைத்த பெயர் சத்தக்காரன். அவனிடம் கேட்டேன், "இண்டைக்குக் காலமை கடல் என்ன நிறம்?"

"கோப்பை கழுவின தண்ணி நிறம், ரீச்சர்!"

"அப்ப ஏன் நீலம் எண்டு எழுதினனீ?"

அவன் என்னைப் பாவமாகப் பார்த்தான். "ரீச்சர், அது கடல். இது பாட்டு."

அன்றைக்குத்தான் பிஸ்கற் ரின்னைத் திறந்தேன்.

பிறகு எங்களுக்குச் சில பழக்கங்கள் வந்தன. தொடங்குவதற்கு முதல் சொல் விளையாட்டு. நான் 'கடல்' என்பேன். முதலெழுத்தை மாற்றி மாற்றி ஓட வேண்டும். உடல், மடல், திடல், படல் என்று ஒழுங்காகப் போகும். சத்தக்காரன் 'குடல்' என்று கத்துவான், அதோடு வகுப்பு கலைந்துவிடும். அடுத்தது கைதட்டு. எழுதிய அடியைச் சொல்லிக்கொண்டு நாலு தட்டுத் தட்ட வேண்டும். நாலாவது தட்டில் அடி முடிந்தால் சரி. கை மேலே எழும்பி அந்தரத்தில் நின்றால் அடி பிழை. யாப்பிலக்கணத்தை நான் பல்கலைக்கழகத்தில் மூச்சு முட்டப் படித்தவள். அதெல்லாம் இங்கே இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. மூன்றாவது, என் ஸ்கூட்டியின் ஹெல்மெற். எழுதியதைப் பெயர் போடாமல் மடித்து அதற்குள் போட வேண்டும். நான் குலுக்கி எடுத்து வாசிப்பேன். பெயர் இல்லை என்றதும் பயந்த பிள்ளைகளின் பென்சிலும் ஓடத் தொடங்கியது.

பயந்தவர்களில் ஒருத்தி முன்வாங்கில் இருந்தாள். மற்றவர்கள் மேசை அதிரத் தட்டும்போது இவள் மேசைக்குக் கீழே, தன் முழங்காலில், சத்தமில்லாமல் தட்டுவாள். ஒரு சொல்லை எழுதி அழித்து, எழுதி அழித்துத் தாளில் ஓட்டை விழுத்துவாள். பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சமைக்கும் அன்ரியின் மகள் அவள்.

எங்கள் பாடவேளை இடைவேளைக்கு முந்தியது. குசினி நாலாம் வகுப்புக்குப் பின்பக்கம். நான் உவமை என்று வாயெடுக்கும் நேரத்தில் அங்கே கடுகு வெடிக்கும். ஒரு வியாழக்கிழமை வெங்காயம் தாளிக்கும் வாசம் உள்ளே வந்து வகுப்பு முழுவதையும் காது பிடித்து யன்னல் பக்கம் திருப்பியது. இனி இவர்களைத் திருப்ப ஏலாது என்று தெரிந்தது.

"சரி. இண்டைக்கு மூக்கு என்ன சொல்லுதோ அதை எழுதுங்கோ."

ஹெல்மெற்றுக்குள் இருந்து வந்தவை எல்லாம் சோறும் நெத்தலியும் பூசணிக்காயும். நாலாவதாக எடுத்த தாளில் இது இருந்தது:

பருப்புக் கறியில தோணி விட்டன்
பருப்பைத் தேடித் துடுப்பு வலிச்சன்
கரையும் வந்திட்டு கப்பலும் கண்டன்
கறிக்குள்ள பருப்பை இன்னும் காணேல்ல.

பிறகு வகுப்பு வெடித்தது. மேசையில் ஏறி நின்று சிரித்தார்கள். "இன்னொருக்கா ரீச்சர், இன்னொருக்கா!" தட்டிப் பார்த்தோம். நாலு அடியும் நாலு தட்டில் வந்து அச்சாக உட்கார்ந்தன. ஆர், ஆர் என்று ஆளை ஆள் பார்த்தார்கள். எனக்குத் தெரியும். 'துடுப்பு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தாள் ஓட்டையாகியிருந்தது. முன்வாங்கில் ஒருத்தி மட்டும் சிரிக்காமல், காது சிவக்க, மேசைக்குக் கீழே தட்டிக்கொண்டிருந்தாள்.

மணி அடித்ததும் எல்லாரும் சோற்றுக் கோப்பையோடு ஓட, அவள் என்னிடம் வந்தாள்.

"ரீச்சர், அம்மாட்டச் சொல்லிப்போடாதீங்க."

"சொல்லமாட்டன். ஆனா நல்ல பாட்டு."

"ஓம், நல்ல பாட்டுத்தான்" என்றாள், கொஞ்சமும் தயங்காமல். "அதுதானே பிரச்சினை. நல்லாருக்கு, ஆனா நான் எழுதினது எண்டு ஒருத்தருக்கும் சொல்ல ஏலாது."

அவளுடைய தவிப்பு எனக்கு விளங்கியது. ஒன்பது வயதில் வகுப்பே சிரிக்கும்படி ஒரு பாட்டை எழுதிவிட்டு, அதைத் தன்னுடையது என்று சொல்ல முடியாமல் இருப்பது லேசான காரியமா? சொன்னால் அம்மா. சொல்லாவிட்டால் பாட்டு அநாதை.

அநாதைப் பாட்டு நன்றாக ஊர் சுற்றியது. இடைவேளையில் மூன்றாம் வகுப்புப் பாடியது. பிறகு ஐந்தாம் வகுப்பு. அடுத்த கிழமை நான் ஸ்கூட்டியில் வரும்போது பாலத்தடியில் சைக்கிளில் போன பெரிய பெடியள் பாடிக்கொண்டு போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஹோர்ன் அடித்தேன். ஆனால் பாட்டின் கடைசியில் ஏதோ புதிதாகக் கேட்டது.

வகுப்பு வாசலிலேயே அவள் காத்திருந்தாள், முகம் கறுத்து.

"ரீச்சர், ஆரோ என்ட பாட்டுக்கு வால் ஒட்டிட்டாங்க!"

வால் இதுதான்: 'சமைச்ச அன்ரிக்குச் சமைக்கத் தெரியாதெண்டு காகமும் பறந்து போச்சு.'

ஐந்தாம் வகுப்பின் கைங்கரியம் என்று பிறகு தெரிந்தது. நான் ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள் அதிபர் கூப்பிட்டார்.

"பிள்ளை, உங்கட கவிதை குசினிக்குள்ள போயிட்டுது."

"சேர்?"

"சமைக்கத் தெரியாதாம் எண்டு பாட்டாம். எழுதின ஆளைக் காட்டாட்டி நாளையில இருந்து வரமாட்டன் எண்டு அன்ரி நிக்கிறா. அவ வராட்டி அடுப்புக்கு முன்னால ஆர் நிக்கிறது? நீங்களோ, நானோ?"

எனக்குத் தேத்தண்ணீர் மட்டும்தான் போடத் தெரியும். அதுவும் சில நாட்களில்தான் சரியாக வரும்.

நான் அன்ரியிடம் போனேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. "நீங்க படிப்பிக்கிறதைப் படிப்பியுங்க ரீச்சர். எனக்கு ஆளைச் சொன்னாப் போதும்."

"பெயர் போடாமத்தான் எழுதுறவங்க அன்ரி."

"எழுத்தைப் பாத்தா ரீச்சருக்குத் தெரியாதாக்கும்?"

வெங்காயம் எனக்கும் கண்ணைக் கரித்தது, நல்ல காலம். கண்ணைத் துடைத்துக்கொண்டு நழுவி வந்துவிட்டேன்.

இடைவேளை மணி. பிள்ளைகள் கோப்பையோடு வரிசையில். அன்ரி பானைக்குப் பின்னால் இடுப்பில் கைவைத்து நிற்கிறார், மற்றக் கையில் அகப்பை. அது அசையவில்லை.

"பாட்டுக் கட்டின ஆள் முன்னுக்கு வாங்க. வந்தாத்தான் அகப்பை பானைக்குள்ள போகும்."

வரிசையின் நடுவில் அவள், கோப்பையை நெஞ்சோடு அணைத்தபடி. என்னைப் பார்த்தாள். நான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பானையைப் பார்த்தேன். யாரும் அசையவில்லை. கூரையில் காகம் ஒன்று கரைந்தது, யாரோ சிறையில் இருக்கும் சொல்லை எழுதிவிட்டது போல. பின்னால் இருந்து சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது.

அப்போது சத்தக்காரன் வரிசையை விட்டு வெளியே வந்தான்.

"நான்தான் அன்ரி!"

பசி பாதி, புகழாசை பாதி. அவன் முகத்தில் இரண்டும் மின்னின. மற்றப் பெடியள் "ஓ" என்று வாயைப் பிளந்தார்கள். அன்ரி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயோ? எங்க, சொல்லு பாப்பம்."

அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தொடங்கினான். தோணி விட்டான், துடுப்பு வலித்தான், கப்பலைக் கண்டான். பெடியள் தொடையில் தட்டினார்கள். பிறகு வாலுக்கு வந்தான். "சமைச்ச அன்ரிக்குச் சமைக்கத் தெரியாதெண்டு..."

"அது இல்லை!"

கோப்பை சிமெந்துத் தரையில் விழுந்து உருண்டது. அவள் வரிசைக்கு வெளியே நின்றாள்.

"அந்த அடி பாட்டில இல்லை! அது தட்டுக்கு வராது! நான் அப்பிடி எழுதேல்ல!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்தினாள். அது பிந்திப்போயிற்று.

அன்ரியின் கண் மெதுவாகத் தன் மகளிடம் வந்து நின்றது. "நீயோ எழுதினனீ?"

கைக்குள் இருந்து சத்தம் வந்தது. "நாலு அடி மட்டும்."

"வீட்டில கறி எப்பிடி எண்டு கேட்டா நல்லம், நல்லம் எண்டுதானே சொல்றனீ?"

"வீட்டுக் கறி நல்லம்தானே அம்மா. அதில பருப்புத் தெரியும். இது பள்ளிக்கூடக் கறி."

வரிசை முழுக்கச் சிரித்தது. அன்ரி அகப்பையை ஓங்கினார். சிரிப்பு நின்றது.

"வீட்டில நாலு வாய். இங்க இருக்கிற வாயை எண்ணிப் பாத்தனீயோ? தண்ணி விட்டுப் பானையை நீட்டினாத்தானே எல்லாருக்கும் வரும்." பிறகு அகப்பையைப் பானையின் விளிம்பில் வைத்தார். "சரி. உன்ட நாலைச் சொல்லு. ரீச்சர் தட்டுத் தட்டு எண்டு குசினிச் சுவர் இடியிறமாதிரித் தட்டுறவ, எனக்கும் கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு."

அவள் சொன்னாள். முதல் அடியில் குரல் நடுங்கியது. அகப்பை பானையில் நாலு முறை 'டங்' என்றது. இரண்டாம் அடியில் குரல் நேராகியது. நாலாம் அடிக்கு அவள் மேசைக்குக் கீழே தட்டுகிற பிள்ளையாகவே இல்லை. பானையும் அவளும் சேர்ந்து முடித்தார்கள்.

"இப்ப நீ. உன்ட வாலைச் சொல்லு."

சத்தக்காரன் வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகச் சொன்னான். 'சமைச்ச', 'அன்ரிக்குச்', 'சமைக்கத்', 'தெரியாதெண்டு'. நாலு தட்டு முடிந்துவிட்டது. காகம் இன்னும் பறக்கவில்லை. அகப்பை அந்தரத்தில் நின்றது. அன்ரி அதைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"இது என்ட கறியை விட மோசம்."

அதிபர் இருமலை வைத்துச் சிரிப்பை மறைத்தார். எனக்கு அதுவும் முடியவில்லை.

பரிமாறத் தொடங்கினார். மகளின் முறை வந்தபோது அகப்பை பானையின் அடிவரை போய்க் கோரிக்கொண்டு வந்தது. சோற்றின் மேல் மஞ்சளாகக் கட்டியாக விழுந்தது.

"இந்தா. இப்ப கண்டனீயோ பருப்பை? பாட்டை மாத்து."

அவள் கோப்பையைப் பார்த்தாள். நன்றாக யோசித்தாள்.

"மாத்த ஏலாது அம்மா. ஓசை கெட்டுப்போயிடும்."

அன்ரி அகப்பையைப் பானையின் விளிம்பில் ஒருமுறை தட்டினார். "வீட்டுக்கு வா புள்ள, கதைக்கிறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கோப்பைக்குத் திரும்பினார்.

அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் என்ன கதை நடந்திருக்கும் என்று நினைத்து நினைத்து என் கால் ஆடியது. மறுநாள் குசினியில் புகை எழும்பியதாக அதிபர் போனில் சொன்னார். அதுவரைக்கும் நிம்மதி. ஆனால் புகை பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லாதே.

வியாழக்கிழமை அவள் நேரத்துக்கே வந்திருந்தாள். நான் ஹெல்மெற்றைக் கழற்றி மேசையில் வைக்கும் முன்பே கையை உயர்த்தினாள்.

"ரீச்சர், அம்மா கேக்கச் சொன்னவ. இண்டைக்கு அப்பாவைப் பற்றி எழுதலாமோ எண்டு."

"அப்பாவைப் பற்றி என்ன?"

"அவர் குறட்டை விடுறவர். வள்ளத்து மெசின் மாதிரி. அம்மா சொன்னவ, கறியைப் பற்றி எழுதத் தெரிஞ்ச ஆளுக்கு அதை எழுத ஏலாதோ எண்டு."

"எழுதலாம்" என்றேன். "எழுதிப்போட்டு மடிச்சு இதுக்குள்ள போடுங்கோ."

அவள் ஹெல்மெற்றை ஒருமுறை பார்த்தாள். பிறகு புதுத் தாளை எடுத்து, மேசையில் பரப்பி, ஒரு அடிகூட எழுதும் முன் மேலே தன் பெயரை எழுதினாள். அழிக்கவில்லை. பெரிய எழுத்து. பாதித் தாள் அதற்கே போய்விட்டது.