ஸ்வெட்டர் நூலில் ஆட்டுக்குட்டிகள்

என் கணவர் தவக்காலத்தில் இறந்தார். வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டம் முடிந்து வந்தவர், செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்து, "கொஞ்சம் வெந்நீர் குடு" என்றார். நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது கூட ஒரு முறைக்காகத்தான்.

அவர் கொடைக்கானலில் ஒரு சபைக்குப் போதகராக இருந்தார். எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்பார்கள், அவர் மனைவியை ஐயரம்மா என்பார்கள். குடியிருந்தது கோயிலை ஒட்டிய சபை வீடு. ஐயர் போனால் வீடும் போகும். அது கல்யாணமான நாளிலிருந்தே எனக்குத் தெரியும். அதனால் ஈஸ்டர் முடிந்த வாரம் சபைச் செயலர் வந்து, கொடுத்த காபியைக் குடிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நானே பேச்சை ஆரம்பித்தேன்.

"வீட்டை எப்பக் காலி பண்ணணும்னு சொல்லுங்க."

"அம்மா, எனக்கு இதச் சொல்ல வாயே வரல. புது ஐயருக்குச் சின்னப் பிள்ளைகளாம். ஸ்கூல் தொறக்குறதுக்குள்ள வந்து சேரணும்ங்கிறாங்க. மே கடைசி வரைக்கும் நீங்க தாராளமா இருங்க."

"சரிங்க."

அவர் எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினார். "இந்த வருஷம் விபிஎஸ் வேணாம்னு கமிட்டியில பேசிக்கிட்டாங்கம்மா. இப்ப யாரு அதப் பாக்குறது?"

விபிஎஸ் என்பது மே மாதத்தில் சபை நடத்துகிற விடுமுறை வேதப்பள்ளி. காலையில் பாட்டு, ஒரு பைபிள் கதை, பிறகு கைவேலை, கடைசியில் சுண்டல். மே மாதம் அங்கே சுற்றுலா சீசன். ஓட்டலிலும் டாக்ஸியிலும் ஏரிக்கரைக் கடையிலும் பெற்றோர் வேலைக்குப் போய்விடுவார்கள். விபிஎஸ் இல்லையென்றால் பல பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியதுதான். இதையெல்லாம் யோசித்து நான் பதில் சொன்னேன் என்றால் பொய். வாய் தானாகச் சொன்னது.

"நடக்கட்டும். கைவேலைய எப்பவும் போல நான் பாத்துக்கிறேன்."

வழக்கமாக மதுரைக்குப் போய் வண்ண அட்டை, மினுமினுப்புத் தாள் எல்லாம் வாங்கி வருவேன். இந்த முறை போகத் தோன்றவில்லை. எப்படியும் வீட்டை ஒழிக்க வேண்டும். ஒழிக்கிற சாமானையே பிள்ளைகளுக்கு ஒதுக்கினேன். அதில் எந்தத் துக்கமும் இருக்கவில்லை. இது குப்பைக்கு, இது கொண்டுபோக, இது கைவேலைக்கு என்று கை பாட்டுக்குப் பிரித்துப் போட்டது. யாரோ ஒருவருடைய வீட்டை ஒழிக்க நான் உதவிக்கு வந்தது போல இருந்தது.

ஐயர் வீட்டில் வேறு எது சேருகிறதோ இல்லையோ, கல்யாணப் பத்திரிகை சேரும். அவர் நடத்திவைத்த கல்யாணங்களின் பத்திரிகைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. முதல் நாள், கோயில் கூடத்தில் நோவாவின் பேழை. கெட்டி அட்டையை மடித்துப் பேழை செய்தோம். பத்திரிகையில் அச்சடித்திருந்த ஜோடிப் புறாக்களை வெட்டினால் கூரையில் ஒட்டப் புறா கிடைத்தது. பேழைக்கு ஒரு புறா போதும். மற்றதை வாரிக் குப்பைக்கூடையில் போட்டேன்.

பாட்டும் கதையும் சொல்லிக்கொடுக்கக் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் வந்தாள். என்னை ஆன்ட்டி என்பாள். நான் எது செய்தாலும் ஓரக்கண்ணால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஒரு சின்னப் பெண், கையில் தன் உயரத்துக்குப் பாதி இருக்கும் ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் அம்மா ஒரு ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறவர். மூட்டை முழுக்க டிஷ்யூ பேப்பர் சுருள் தீர்ந்துபோன அட்டைக் குழாய்கள். குழாய்க்குக் கண், மூக்கு வரைந்து, துணிக்கடைப் பையைக் கிழித்து அங்கி போட்டு, தேங்காய் நாரில் தாடி ஒட்டினால் இயேசுவின் சீடர்கள் தயார். "ஏலே, கக்கூஸ் பேப்பர்ல பேதுரு!" என்று ஒருவன் கத்த, கூடமே சிரித்தது. நானும் சிரித்திருக்க வேண்டும். கல்லூரிப் பெண் நிம்மதியாகத் தலையாட்டினாள்.

காணாமல் போன ஆட்டின் கதை சொன்ன நாளில்தான் சிக்கல் வந்தது. மருந்துக்கடைப் பஞ்சை அட்டையில் ஒட்டி ஆட்டுக்குட்டி செய்வதாக ஏற்பாடு. காலையிலேயே மூடுபனி இறங்கி, ஜன்னலோரம் வைத்திருந்த பஞ்சு நமுத்துப்போயிருந்தது. பசை பட்டதும் களி மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகள் கையெல்லாம் பிசுபிசுப்பு. ஒன்றிரண்டு பேர் அழ ஆரம்பித்தார்கள்.

நான் எழுந்து பக்கத்திலிருந்த எங்கள் வீட்டுக்குப் போனேன். பீரோவைத் திறந்து அவருடைய ஸ்வெட்டரை எடுத்தேன். அந்த ஊருக்கு மாற்றலாகி வந்த முதல் குளிரில் நான் பின்னியது. சாம்பல் நிறம். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அங்கிக்குள்ளேயும் அதைத்தான் போட்டிருப்பார்.

கூடத்துக்கு வந்து தையலைக் கத்தரியால் பிரித்தேன். கழுத்துப் பக்கம் முடிச்சை அவிழ்த்து நூல் நுனியைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். "இழுத்துக்கிட்டே பின்னால போங்க, மெதுவா." அவர்கள் வரிசையாக நூலைப் பிடித்துக்கொண்டு சுவர் வரை போனார்கள், சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். என் மடியில் ஸ்வெட்டர் வரிவரியாகக் குறைந்துகொண்டே வந்தது. கையைப் பிரிக்கும்போது முழங்கை வந்த இடத்தில் நூல் அறுந்து அறுந்து போனது. மேசையில் முழங்கையை ஊன்றித்தான் அவர் பிரசங்கம் எழுதுவார்.

மூட்டை கொண்டுவந்த சின்னப் பெண் நூலைப் பிடித்தபடி என்னிடம் வந்து நின்றாள்.

"ஐயரம்மா, இது ஐயர் போடுறதுல்ல?"

"ஆமா."

"அப்ப அவருக்குக் குளிராதா?"

பக்கத்திலிருந்தவன் முந்திக்கொண்டான். "பரலோகத்துல குளிராதுடி."

அவள் அவனை நம்பவில்லை. என்னையே பார்த்தாள். "நெசமாவா?"

ஐயரம்மாவாக இதற்குப் பதில் சொல்ல எனக்கு எத்தனையோ வசனம் தெரியும். ஆனாலும், "எனக்குத் தெரியலம்மா" என்றேன். அவள் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு நூலை இழுக்கப் போய்விட்டாள். கல்லூரிப் பெண்தான் முகத்தைத் துப்பட்டாவில் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அவள் திரும்பி வரும்வரை பாட்டையும் நானே பாடவைத்தேன்.

நெளிநெளியான அந்த நூலை அட்டையில் சுற்றச் சுற்ற ஆட்டுக்குட்டிகள் கொழுகொழுவென்று வந்தன. பஞ்சில் செய்திருந்தால் இவ்வளவு நன்றாக இருந்திருக்காது. அப்போது எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான்.

கடைசி நாள் பெற்றோர் வந்தார்கள். மேசையில் சாம்பல் நிற ஆட்டுக்குட்டிகளை வரிசையாக வைத்திருந்தோம். யார் சொன்னார்களோ, விஷயம் பரவிவிட்டது. பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "நீங்களும் அழுதுருங்கம்மா, நெஞ்சுல வச்சிருக்கக்கூடாது" என்றார் ஒருவர். அவர் முதுகைத் தடவிக்கொடுத்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். செயலர் ஒரு ஆட்டைக் கையில் எடுத்தார், புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

இரண்டொரு நாள் கழித்து ஓட்டலில் வேலை செய்யும் அந்த அம்மா, மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை பிளம்ஸ். ஆறுதல் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை எடுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"உக்கார வரலைங்கம்மா. இன்னைக்கு எனக்கு லீவு. என்னென்ன கட்டணும்னு காட்டுங்க, வெரசா முடிச்சிரலாம்."

போர்வை, திரை, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் அவர் மடித்த விதத்தில் என் இரண்டு மூட்டை ஒரு மூட்டையானது. பாத்திரத்துக்கு இடையில் செய்தித்தாள் வைத்துக் கட்டினார். என் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த ஓட்டலில் கூட்டம் அதிகம், தண்ணீர் லாரி எப்போது வரும் என்று பேசிக்கொண்டே வேலை செய்தார். இடையில் எனக்குப் பசித்தது. வாய்விட்டுச் சொன்னேன், "எனக்குப் பசிக்குதும்மா" என்று. அவர் சாதாரணமாக, "அரிசி எங்க இருக்கு?" என்று கேட்டு உலை வைத்தார். மூவரும் தரையில் உட்கார்ந்து ரசமும் சோறும் சாப்பிட்டோம். நான் மறுசோறு போட்டுக்கொண்டேன்.

மாதக் கடைசியில் வேன் வந்தது. காய்கறி ஏற்றுகிற வண்டி, முட்டைக்கோஸ் வாசனை அடித்தது. திண்டுக்கல்லில் தம்பி வீட்டு மாடியில் இறங்கினேன். வெயில் தாங்கவில்லை. சாமானை அடுக்கி முடித்ததும் கீழே போய்த் தம்பி மனைவியிடம், "நாளைக்கு மார்க்கெட்டுக்குப் போறப்ப என்னையும் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு நானாகப் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.