கொலின்ஸ் சொன்ன ‘இல்லை’

உம்மு ஸல்மாவுக்கு நெஞ்சு அடைக்கத் தொடங்கி ரெண்டு வருசம். நெஞ்சு அடைக்கும், பிடரி எரியும், கை விறைக்கும். முசலியிலயிருந்து ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறி ஏறி ஈசீஜி மட்டும் ஒன்பது தரம் எடுத்தாச்சு. ஒன்பதுக்கும் ஒரே பதில்தான்: ஒண்டுமில்லை. ஒண்டுமில்லையாம்! அப்ப விடியப்புறம் எழும்ப ஏலாமல் பாயோட ஒட்டிக் கிடக்கிறது ஆர், பக்கத்து வீட்டுக்காரியா?

புருசன் பாயிஸ் வயித்தில காஸ் எண்டு சொல்லி உள்ளிப்பூண்டு சுட்டுத் தந்தார். மச்சாள் றிம்ஷா கண்ணூறு எண்டு தண்ணி ஓதிக் கொண்டு வந்தாள். உள்ளியையும் திண்டு தண்ணியையும் குடிச்சு, வாய் நாறினதுதான் மிச்சம்.

இந்த முறை பாயிசும் கூட வந்தார். ஆஸ்பத்திரியில புது டொக்டர். வயசு குறைஞ்ச பொம்பிளை, தமிழ் தெரியாது. அங்க கனகாலமா வேலை செய்யிற கொலின்ஸ்தான் மொழிபெயர்ப்பு. நோயாளி பத்து வசனம் சொன்னால் அவர் ஒண்டாக்கிப்போடுவார். வெளியில நிக்கிற வரிசைதான் அவருக்குக் கவலை.

"நெஞ்சு நோகுதாம்" எண்டு சிங்களத்தில சொல்லி முடிச்சார்.

டொக்டர் பழைய ஈசீஜியெல்லாம் புரட்டிப் பாத்தா. பேனையை வைச்சிட்டு ஆறுதலாச் சிங்களத்தில கேட்டா: "இவ நல்லா நித்திரை கொள்ளுறாவா?"

கொலின்ஸ் உம்மு ஸல்மாவின்ட பக்கம் திரும்பியும் பாக்கேல்ல. "ஓம் மிஸ்."

"தனிய இருந்து அழுகிறவவா?"

"இல்லை மிஸ்."

"செத்தால் நல்லம் எண்டு எப்பவாவது நினைச்சவவா?"

"சீச்சீ, இல்லை மிஸ்! குடும்பப் பொம்பிளை."

கொலின்ஸ் கெட்ட மனுசன் இல்லை. புருசன் பக்கத்தில நிக்க ஒரு பொம்பிளையிட்ட இப்பிடிக் கேக்கிறது மரியாதையில்லை எண்டு அவளின்ட மானத்தைக் காப்பாத்தினார். பெரிய மானம்! அவருக்கு ஒண்டு தெரியாது. தொண்ணூறில வடக்கு முஸ்லிம் சனத்தோட சனமா ஊரை விட்டுத் துரத்தப்பட்டு, இருபது வருசம் புத்தளத்துப் பக்கம் அகதியாக் கிடந்து, சிங்களப் பெண்டுகளோட வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவள் உம்மு ஸல்மா. ஒரு சொல் விடாமல் அவளுக்கு விளங்கிச்சு.

ரெண்டு வருசத்தில இண்டைக்குத்தான் ஒருத்தி சரியான கேள்வி கேக்கிறா, அதுக்கும் இந்த மனுசன் இல்லை போடுறார். இதையும் விட்டால் பத்தாவது ஈசீஜிதான். அவளுக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு.

"அண்ணன், கொஞ்சம் வாயை மூடுங்கோ! என்ட நெஞ்சா, உங்கட நெஞ்சா?" எண்டாள். அப்பிடியே டொக்டர் பக்கம் திரும்பிச் சிங்களத்துக்கு மாறினாள். "நித்திரை இல்லை மிஸ். சோறு வடிக்கேக்கயும் அழுகிறன். செத்தால் நல்லம் எண்டு நினைச்சனான். போன மாசம் ரெண்டு தரம். கிணத்தடியில நிண்டு."

கொலின்ஸ் வாசலைப் பாத்துக்கொண்டு நிண்டார். டொக்டர் கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டு இருந்தா. நோவு மெய்தான், ஆனா இருதயத்தில வருத்தமில்லை, மனச்சோர்வும் பதட்டமும் உடம்பிலயும் இப்பிடிக் காட்டும், அதுக்கு மருந்து இருக்கு எண்டு சொன்னா. அண்டைக்கே மனநலப் பிரிவில காட்டச் சொல்லித் துண்டு எழுதினா. தனிய விடவேண்டாம் எண்டும் சொன்னா.

பாயிசும் அதே புத்தளத்தில இருந்தவர்தான். அவருக்கும் எல்லாம் விளங்கிச்சு. துண்டை வாங்கிக்கொண்டு, "கிணத்தடியிலயா? எனக்கிட்ட ஏன் சொல்லேல்ல?" எண்டார்.

"நீங்க ஒருநாளாவது கேட்டனீங்களா?" எண்டாள் உம்மு ஸல்மா.