இரண்டு பேரை ஒருவராக்கிய சாஃப்ட்வேர்

2002-ஆம் வருடம். பெங்களூர் பீன்யாவில், பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நான், என் மேனேஜர், ஒரு ஏசி, அவ்வளவுதான். அந்த ஏசியும் எங்களுக்காகப் போட்டதல்ல, கம்ப்யூட்டருக்காக. ஜோகுபாளையத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போவேன். எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் படித்து வேலைக்குப் போன முதல் பெண் நான்தான் என்பதில் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல, நிறையவே தலைக்கனம் இருந்தது.

அதற்கு முந்தைய வருடம்தான் எங்கள் முதலாளி பக்கத்து காம்பவுண்டில் இருந்த தொழிற்சாலையையும் வாங்கியிருந்தார். அங்கேயும் தொழிலாளர் நம்பர் ஒன்றிலிருந்து ஆரம்பம், இங்கேயும் ஒன்றிலிருந்து ஆரம்பம். ஆட்கள் விவரம் ஆபீசில் ஒரு பட்டியல், கேட்டில் ஒரு பட்டியல், டிஸ்பென்சரியில் நர்ஸ் கையால் எழுதும் ஒரு பெரிய பைண்டு நோட்டு. ஒன்றுக்கொன்று ஒட்டாது. இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ஒரு ஆளுக்கு ஒரே பதிவு என்று ஆக்கித்தரும் சாஃப்ட்வேர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி மேனேஜர் என்னிடம் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வயதில் அப்படி ஒரு பொறுப்பு யாருக்குக் கிடைக்கும்?

மூன்று சாஃப்ட்வேர்களைப் பார்த்தேன். ஒன்று விலை கேட்டதுமே வேண்டாம் என்றாகிவிட்டது. இன்னொன்று, ராஜாஜிநகரில் மாடிப்படிக்குக் கீழே ஆபீஸ் வைத்திருந்த இரண்டு பேர் செய்தது. திரை பார்க்கச் சகிக்காது, சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாக இருக்கும். "உங்க லிஸ்ட்டையே கொடுங்க மேடம், ஒரு வாரத்துல அதை வெச்சே ஓட்டிக் காட்டறோம்" என்றார்கள். ஒரு வாரமா, இவர்களிடம் காட்டுவதற்குத் தயாராக ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது, வெளிநாட்டுச் சரக்கு. அதை விற்றவர்கள் வைட்ஃபீல்டில் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தார்கள். கார் அனுப்பி அழைத்துப் போனார்கள். திரையில் வண்ண வண்ணப் பெட்டிகள், அவற்றுக்கு நடுவே அம்புக்குறிகள் ஓடின. ஜான் என்று ஒருவர், அதே ஜான் இன்னொரு பட்டியலில் வேறு விலாசத்தோடு. பெயரையும் பிறந்த தேதியையும் வைத்து இருவரும் ஒருவரே என்று அது பட்டென்று கண்டுபிடித்துச் சேர்த்தது. நான் கைதட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், தனியாளாக உட்கார்ந்து கைதட்டினேன்.

திரும்பி வந்து ஒரு தாளில் கோடு போட்டு மூன்றுக்கும் மார்க் போட்டேன். வேகத்துக்கு இவ்வளவு, திரை அழகுக்கு இவ்வளவு, பிறகு கூப்பிட்டால் வருவார்களா என்பதற்கு இவ்வளவு. கண்ணாடிக் கட்டடத்துச் சரக்குதான் முதலில் வந்தது. எங்கள் ஆட்களின் பெயரைக் கொடுத்துப் பார்த்தேனா என்பதற்கு அந்தத் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை.

டிஸ்பென்சரி நோட்டை வாங்கப் போனபோது நர்ஸ் கொஞ்சம் தயங்கினார். அல்சூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார், எல்லாரும் சிஸ்டர் என்போம். அந்த நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பென்சிலால் ஏதாவது எழுதியிருந்தார். 'மீசை', 'மச்சம்', 'திக்குவாய்', 'குப்பம் ரயிலில் வருபவர்'. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதையும் ஏத்துவீங்களா மேடம்?" என்று கேட்டார்.

"இதுக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல கட்டம் கிடையாது சிஸ்டர். பேரு, பிறந்த தேதி, ஊரு, இது போதும்" என்றேன்.

"இல்ல மேடம், ஸ்வல்பம் கேளுங்க. நம்ம ஆளுங்க பாதிப் பேருக்கு ஒரே தேதிதான். ஸ்கூல்ல சேக்கறப்போ ஹெட்மாஸ்டரு ஜூன் ஒண்ணுன்னு போட்டு விட்டுருவாரு. நான் மூஞ்சியப் பாத்துத்தான் எழுதறேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் தொழிலாளிகளில் பெரும்பாலோர் கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கத்துத் தமிழர்கள். பிறந்த நாள் தெரியாத பிள்ளைக்கு வாத்தியார் வைத்த நாள்தான் பிறந்த நாள். என் அப்பாவுக்கே அப்படித்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடிக் கட்டடத்துக்காரர்கள் வந்து, எந்தப் பிரிவில் வேலை என்பதையும் சேர்த்துப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். ஆட்கள் பிரிவு மாறிக்கொண்டே இருப்பார்கள், வேண்டாம் என்றேன். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு வந்தால் எதை வைத்துக்கொள்வது என்று கேட்டார்கள். கடைசியாக வந்ததை, என்றேன். நானே மவுசைப் பிடித்து அந்தக் கட்டத்தில் டிக் அடித்தேன்.

முதல் நாள் ஓடி முடித்ததும், இத்தனை இரட்டைப் பதிவுகள் நீக்கப்பட்டன என்று திரையில் வந்தது. மேனேஜர் மைசூர்பாகு வாங்கிவரச் சொன்னார்.

சம்பளப் பட்டியல் தனி, அதை நாங்கள் தொடவில்லை. தொட்டிருந்தால் முதல் மாதமே யாராவது சண்டைக்கு வந்திருப்பார்கள், எல்லாம் தெரிந்திருக்கும். டிஸ்பென்சரிப் பதிவில் ஒருவர் காணாமல் போனால் யாருக்கும் தெரியாது.

அடுத்த ஜனவரியில் எக்ஸ்ரே வண்டி வந்தது. முதல் வாரம் எங்கள் தொழிற்சாலைக்கு, அடுத்த வாரம் புதிதாக வாங்கியதற்கு. எங்கள் பக்கம், இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரியில் ஒருவர் இருந்தார். அந்தப் பக்கம் பெயின்ட் அடிக்கும் இடத்தில் அதே பெயரில் இன்னொருவர் இருந்தார். பெயர் என்ன என்பது வேண்டாம், தெருவுக்கு நாலு பேர் வைத்துக்கொள்ளும் பெயர்தான். இனிஷியல் ஒன்று, தாலுகா ஒன்று, பிறந்த வருடமும் ஒன்று, தேதி ஜூன் ஒன்று. ஃபவுண்டரிக்காரர் படத்தில் வலது நுரையீரலில் வெள்ளையாக ஒரு படலம். பெயின்ட்காரர் படம் சுத்தம். இரண்டு முடிவுகளும் வந்து சேர்ந்தபோது சாஃப்ட்வேர் இருவரையும் ஒருவராக எடுத்துக்கொண்டது. முந்தைய வாரத்து முடிவைத் தள்ளிவிட்டு, கடைசியாக வந்ததை வைத்துக்கொண்டது. ஒரே ஒரு கடிதம், குறை ஏதும் இல்லை என்று, பெயின்ட்காரருக்குப் போனது. முன்பெல்லாம் படங்களை சிஸ்டர் ஒவ்வொன்றாகப் பார்த்து ஆளைக் கூப்பிட்டுச் சொல்வார். அந்த வருடம் அந்த வேலையை அவரிடமிருந்து எடுத்துவிட்டிருந்தோம்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. மே மாதம் ஒருநாள், ஆபீஸ் கிளார்க்குக்குத் திரையைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஃபவுண்டரிக்காரர் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

"மேடம், வண்டில படம் புடிச்சாங்களே, எல்லாருக்கும் லெட்டர் வந்துச்சு. எனக்கு மட்டும் வரலீங்க. இருமலு வேற நிக்க மாட்டேங்குது."

பெயரைத் தட்டினேன். ஒரே நொடியில் வந்தது. பெருமையோடு அந்தப் பெரிய மானிட்டரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"பாருங்க, உங்களுக்கு ஒண்ணுமில்ல, நார்மல். லெட்டர் எங்கேயோ தவறிப் போயிருக்கும். பீடியைக் குறைங்க, இருமல் தானா நின்னுடும்."

"எனக்கு பீடி பழக்கமே இல்லீங்களே மேடம்."

"அப்போ ஃபவுண்டரி தூசிதான். மூக்குல துணி கட்டிக்கோங்க."

அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனாலும் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கம்ப்யூட்டரே சொல்லிருச்சுன்னா சரிதாங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். பார்த்தீர்களா எவ்வளவு வேகம் என்று நான் கிளார்க்கிடம் சொன்னேன். எங்களில் ஒருவர் எழுந்து டிஸ்பென்சரிக்குப் போய், எக்ஸ்ரே படங்கள் இருந்த கவர்க்கட்டைப் பிரித்துப் பார்க்க அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை.

மழை ஆரம்பித்த பிறகு, ஃபவுண்டரியில் உலை பக்கத்தில் அவர் ரத்தமாக இருமினார் என்று செய்தி வந்தது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். அங்கே பழைய படம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். சிஸ்டர் கவர்க்கட்டைப் பிரித்துத் தேடி, படத்தை எடுத்துக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தார். அதில், உடனே நெஞ்சக ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் என்று எக்ஸ்ரே டாக்டர் எழுதிய சீட்டு பின் குத்தி இருந்தது.

"இது ஜனவரிப் படம் மேடம்" என்றார். அதை என் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மேனேஜரிடம் போய் அழுதேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "எக்ஸ்ரே வண்டிக்காரங்க கவர் மாத்திட்டாங்கன்னு சொல்லிடலாம். சாஃப்ட்வேர்னு சொன்னா முதலாளி உன்னையும் வெளியே அனுப்புவாரு, என்னையும் அனுப்புவாரு" என்றார். நான் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கவர் மாறிப்போனது என்ற பேச்சு மறுநாளே தொழிற்சாலை முழுக்கப் பரவிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். கையில் சாத்துக்குடி. படுக்கையில் ஆளே பாதியாகக் கிடந்தார். இரண்டு நுரையீரலிலும் டி.பி. பரவிவிட்டது, ஃபவுண்டரித் தூசி வேறு உள்ளே படிந்திருக்கிறது, ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் மாத்திரையிலேயே சரியாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக அவர் மனைவி வராந்தாவிலேயே என்னிடம் சொன்னார்.

கட்டில் பக்கத்தில், நான் அதுவரை பார்த்திராத உயரமான ஒருவர் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் பெயின்ட்காரர். இருவருக்கும் முன்பின் பழக்கமில்லை. விஷயம் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். கேவிக் கேவி அழுதுகொண்டிருந்தார்.

"என் படம்தாண்ணா உன் கவர்ல பூந்துகிச்சு. லெட்டர் வந்ததும் எனக்கு ஒண்ணுமில்லன்னு ஊரெல்லாம் காட்டினு திரிஞ்சேன். அது உன்னுதுன்னு தெரியாம போச்சே. என் பேரு உனக்கு எமனா வந்துச்சே."

படுத்திருந்தவர் கையை நீட்டி அவர் தோளைத் தொட்டார். பேசவே மூச்சு வாங்கியது. "விடுப்பா. பேரு இன்னா பண்ணும். உங்க அப்பனும் எங்க அப்பனும் பேசிவெச்சுகினா பேரு வெச்சாங்க?" என்றார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, "வாங்க மேடம். இவங்க அன்னிக்கே கம்ப்யூட்டர்ல பாத்து எனக்குச் சொன்னாங்கப்பா. அப்ப ஒண்ணும் இருந்திருக்காது, அதுக்கப்புறந்தான் வந்திருக்கும்" என்றார்.

எனக்காகப் பரிந்து பேசுகிறார். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பெயின்ட்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் சாத்துக்குடியை ஸ்டூலில் வைத்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஏதோ உளறிவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

தீபாவளிக்குச் சில நாள் முன்னால் அவர் இறந்துபோனார். அடுத்த வருடம் நான் அந்த வேலையை விட்டேன். டிக் அடித்த அந்தக் கட்டத்தை மாற்றிவிட்டுத்தான் வந்தேன். அதனால் யாருக்கு என்ன பயன்?

இப்போது நானும் வைட்ஃபீல்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில்தான் வேலை பார்க்கிறேன். டேட்டாவைச் சேர்க்க எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று பல கம்பெனிக்காரர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். நானும் சொல்கிறேன். விற்பவன் காட்டும் பெயர்களைப் பார்க்காதீர்கள், உங்கள் பட்டியலைக் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். கையால் நோட்டு எழுதுபவரோடு இரண்டு நாள் உட்காருங்கள், அவர் ஓரத்தில் எழுதுவதை ஏன் எழுதுகிறார் என்று கேளுங்கள். இருவரை ஒருவராக்குவதற்கு முன்னால் ஒரு மனிதர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும், தள்ளிய பதிவைத் திரும்ப எடுக்க வழி இருக்க வேண்டும். இது இரண்டும் இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். எல்லாரும் குறித்துக்கொள்கிறார்கள், நல்ல அனுபவம் உங்களுக்கு என்று பாராட்டுகிறார்கள்.

இரண்டு வருடம் முன்பு யஷ்வந்த்பூர் பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெயின்ட்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. வருடா வருடம் தீபாவளிக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போய் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். "என்னாலதான மேடம் போனாரு" என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டார். என் பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்டால் மணிக்கணக்கில் பேச எனக்குத் தெரிகிறது. ஆனால், தப்பு உங்கள் பெயரிலும் இல்லை, உங்கள் படத்திலும் இல்லை, எல்லாம் என்னால் வந்தது என்று அந்த ஒரு மனிதரிடம் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. என் பழியை அவர்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறார்.